இடது தோளில் ஒரு கை

இரவு ஒன்றே முக்கால் மணி. மேலூர் ரோடு.

இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். ஒரு தெருவிளக்கு எரிந்தால் அடுத்த மூன்று எரியாது. ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்கு மட்டும் தூரத்தில், மரங்களுக்கு மேலே, விட்டு விட்டுத் தெரியும்.

அந்த ரோட்டில் ஒருவன் பைக்கில் வந்துகொண்டிருந்தான். தனியாக. முதுகில் ஒரு பை. பைக்குள் ஓர் அட்டைப் பெட்டி.

ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். வாழை இலைகூட அசையவில்லை. அப்போதுதான் சரியாகக் கேட்டது.

விர்ர்ர்... என்று ஒரு சத்தம். சின்ன ஃபேன் ஒன்று சுற்றுகிற சத்தம்.

முதுகிலிருந்து.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை. என்னோடு பி.எஸ்ஸி. படித்தாளே பஸீலா, அவளுடைய அண்ணனுக்கு நடந்தது. பெயர் கலீல். பஸீலா இதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கலீலுக்குப் பாலக்கரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒவ்வொரு சாமானாகக் கழற்றிக்கொண்டே போனால் அது கடைசியில் தானாக வெளியே வந்துதான் தீரும் என்பான். பத்து வருடம் அப்படித்தான் வேலை பார்த்தான்.

அவனோடு பள்ளியில் படித்தவன் அன்புச்செல்வன். மேலூரில் வீடு. அம்மா ரெங்கம்மாள், மனைவி சுபஸ்ரீ, இவன். அவ்வளவுதான் குடும்பம். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்வான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு... எல்லாம் உண்டு. ஆனால் ராத்திரியில் வருவது பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிதான். சாவு நேரம் பார்த்து வருவதில்லை. பேனர் மட்டும் காலையில் தெரு முக்கில் நிற்க வேண்டும். அன்பு டிசைன் முடித்து மெயிலில் அனுப்பிவிடுவான். திருச்சியில் அற்புதசாமி என்பவரிடம் பிரிண்டிங் மெஷின் இருக்கிறது. ராத்திரியோடு அடித்து, சுருட்டி, காலை பத்து மணிக்கு மினி ஆட்டோவில் மேலூருக்கு வந்துவிடும்.

பேனர்கள் பெரிதாகிக்கொண்டே போயின. நாற்பது அடி, அறுபது அடி. பழைய கம்ப்யூட்டர் திணறியது. அன்பு ரொம்ப நாள் ஆசைப்பட்டு, பெரிய படங்களை வேகமாக ஓட்டுகிற, தனி ஃபேன் வைத்த ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். கலீல்தான் வாங்கிக் கொடுத்தான். புதுசு. சீல் வைத்த பெட்டி. அந்த சீலைப் பிரித்ததும் கலீல்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்... யாரோ செத்தவர் வைத்திருந்த கார்டு, அவருடைய ஆவி, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தக் கார்டில் அதற்கு முன் கரண்டே ஓடியதில்லை.

மாட்டிவிட்டு வந்தான். மறுநாள் மாலை போன்.

"மாப்ள, நீ குடுத்த கார்டு சரியில்லடா. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஹேங் ஆகி நின்னுடுது."

"டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாரு."

"ரெண்டு தடவை போட்டாச்சு. காலையில பத்து மணி வண்டியில காட்டூர் பெரியவர் பேனர் வந்தாகணும். நீ கெளம்பி வா."

கடையைச் சாத்திவிட்டுக் கலீல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

அன்பு மெரூன் நிறத்தில் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தான். திரையில் ஒரு பெரியவரின் படம். காட்டூர்க்காரர். அவர் தோளில் ஒரு கை இருந்தது. கை மட்டும். மணிக்கட்டோடு வெட்டியது போல.

"யாரு கைடா இது?" என்று கேட்டான் கலீல்.

"யாருக்குத் தெரியும். செத்தவங்களுக்குத் தனியா போட்டோ எங்க இருக்கு? எல்லாம் கல்யாணத்துல குரூப்பா நின்னு எடுத்ததுதான். ஆளை மட்டும் வெட்டி எடுத்தா யாரோ ஒருத்தன் கை தோள்ல தொங்கும். அதைத்தான் முதல்ல அழிக்கணும்."

"அழிக்கலைன்னா?"

"கைக்காரன் வந்து என்னை அடிப்பான்." அன்பு சிரித்தான். பிறகு மவுஸை நகர்த்திக்கொண்டே, குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னான். "இல்ல மாப்ள, எங்க லைன்ல நெசமாவே அது ஆகாது. உயிரோட இருக்கிறவன் கை போனவர் தோள்ல இருக்கக் கூடாது. கூடவே கூட்டிட்டுப் போயிடுவாராம். துறையூர்ல ஒரு டிசைனர் அவசரத்துல அப்படியே விட்டுட்டான். கருமாதி முடியறதுக்குள்ள கைக்காரனுக்கும் அவனே பேனர் அடிச்சான்."

"நல்லா கதை விடுற."

"கதையோ என்னமோ. நான் விட மாட்டேன். அழிச்சா அழிச்ச எடம் தெரியக் கூடாது. அதுலயும் இந்த மாதிரி கட்டம் போட்ட சட்டை இருக்கு பாரு..." தன் சட்டையை இழுத்துக் காட்டினான். "இதுதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு கோடும் சேரணும். நான் அழிச்சா பெத்த தாய் பாத்தாலும் அங்க ஒரு கை இருந்துச்சுன்னு சொல்ல மாட்டா."

அவன் சொல்லி முடிக்கவும் திரை நின்றது.

மவுஸ் நகரவில்லை. மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரமும் நின்றுவிட்டது. ஒன்பது ஐம்பத்தி இரண்டு. கார்டின் ஃபேன் மட்டும் வேகமெடுத்தது. பிறகு, திரையின் வலது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் தோன்றியது. அதற்குள் சின்ன எழுத்து. 'டிசைன்: அன்பு கிராபிக்ஸ், மேலூர்'. கீழே அன்புவின் போன் நம்பர்.

கலீல் போனை வலது கட்டைவிரல் வைத்துத் திறந்து ஒரு படம் எடுத்துக்கொண்டான். அது அவன் வழக்கம். கம்பெனிக்கு வாரண்டி கேட்டு அனுப்பினால் முதலில் கேட்பது படத்தைத்தான்.

"இது என்னடா, என் கடை பேரு?" என்றான் அன்பு.

"பழைய ஃபைல் ஏதாவது மெமரியில தங்கியிருக்கும். குப்பை. கார்டு தடுமாறினா அதைத் தூக்கிக் காட்டும்."

அது பொய் இல்லை. அப்படி நடப்பதுண்டு. அந்த நேரத்தில் கலீலுக்குத் துளிகூட பயம் இல்லை.

பவரை நிறுத்தி மறுபடி போட்டார்கள். பதினோரு நிமிடம் ஓடியது. நின்றது. இந்த முறை சதுரம் திரையின் இடது ஓரத்தில். அதில் சாமந்திப் பூச்சரம். மஞ்சள் பூக்கள், நெருக்கமாக. அஞ்சலி பேனரின் ஓரத்தில் வருமே, அது.

"இந்தச் சாமந்தி என்கிட்ட இல்லையே..." என்றான் அன்பு. "நான் ரோஜாதான் வைப்பேன்."

கலீல் கேபினட்டைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, கார்டைக் கழற்றினான். ஊதினான். மறுபடி அழுத்தி மாட்டினான். மாட்டும்போது தகரத்தின் விளிம்பு வலது ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. ஆழமான வெட்டு. அவன் பையில் பிளாஸ்திரி கிடையாது. சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

அப்போது சுபஸ்ரீ தோசைத் தட்டோடு உள்ளே வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"யாரு மாலை வாங்கிட்டு வந்தது?"

"மாலையா?"

"வாடுன சாமந்தி வாடை அடிக்குதே அண்ணா. மழையில நனைஞ்ச மாதிரி."

கலீல் மூக்கை இழுத்துப் பார்த்தான். ஆமாம்... அடித்தது. குனிந்தான். கேபினட்டின் பின்பக்கம், கார்டிலிருந்து சூடான காற்று வருகிற ஓட்டையில் முகத்தை வைத்தான்.

அங்கிருந்துதான் வந்தது.

புது கார்டு சூடானால் பெயிண்ட் வாடை வரும், பிளாஸ்டிக் வாடை வரும். கலீல் அதைத்தான் சொன்னான். சுபஸ்ரீ தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள்.

மூன்றாம் தடவை நின்றபோது மணி பதினொன்று. இந்த முறை சதுரம் பெரிது. திரையின் நடுவில். ஆனால் அதற்குள் ஒன்றுமில்லை. வெறும் கறுப்பு.

கலீல் எழுந்து அன்புவின் இடது பக்கம் வந்து நின்றான். வலது கையை அவன் தோளில் ஊன்றிக் குனிந்து பார்த்தான். கறுப்பில் அன்புவின் முகம் தெரிந்தது. நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் மூஞ்சிதான் தெரியுது," என்றான் கலீல். "இதுக்கா இவ்வளவு பெரிய கார்டு வாங்கின?"

இருவரும் சிரித்தார்கள். கலீல் இடது கையால் படம் எடுத்துக்கொண்டான்.

பிறகு அவன் வழக்கமான வேலையை ஆரம்பித்தான். ஒவ்வொன்றாகக் கழற்றுவது. ரேமை மாற்றினான். நின்றது. பவர் சப்ளையை மாற்றினான். நின்றது. கடைசியாக ஹார்டு டிஸ்கையே கழற்றி மேசையில் வைத்தான். அன்புவின் பேனர்கள், படங்கள், எழுத்துகள் எல்லாம் அதற்குள்தான். இப்போது கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை. கலீல் தன் பென்டிரைவிலிருந்து அதை ஓட்டினான். அந்தப் பென்டிரைவில் கார்டைச் சோதிக்கிற ஒரு புரோகிராம் மட்டும்தான்.

"இப்ப நின்னா கார்டு மேலதான் குத்தம்," என்றான். "இப்ப குப்பையும் வராது. வர்றதுக்கு எங்கயும் எதுவும் இல்ல."

ஏழாவது நிமிடம் நின்றது.

சதுரம் வந்தது.

ஒரு குத்துவிளக்கின் சுடர். அதன் பக்கத்தில் 'மறைவு' என்ற எழுத்து. அதற்குக் கீழே தேதி. நாள் சதுரத்துக்கு வெளியே போய்விட்டது. மாதம் தெரிந்தது. வருடம் தெரிந்தது.

இந்த மாதம். இந்த வருடம்.

கலீல் மேசை மேலிருந்த ஹார்டு டிஸ்கைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. பிறகு கார்டைப் பார்த்தான். பிறகு மறுபடி திரையை... அவன் கழற்றுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பத்து வருடத்தில் முதல் தடவை.

"என்னடா பேசாம நிக்கிற?" என்றான் அன்பு.

"ஒண்ணுமில்ல. ஒரு தடவை கடைசியா போட்டுப் பாத்துடுறேன். நீ போய் அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டு வா. ரெண்டு தடவை கூப்பிட்டாங்க."

அன்பு உள்ளே போனான். உள்ளறையில் ரெங்கம்மாளின் குரல். "இவ்வளவு நேரமா அந்தப் பொட்டிகிட்ட என்னதான் பண்ணுவியோ... கண்ணு என்னத்துக்கு ஆகும்?" தண்ணீர்ச் சொம்பு வைக்கிற சத்தம்.

கலீல் தனியாக இருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டான். இந்தத் தடவை அது ஓடவே இல்லை. போட்டவுடன் நின்றது. சாமந்தி வாடை குப்பென்று அடித்தது.

சதுரம் இடது பக்கம், கீழே. 'வருத்தத்துடன்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே பெயர்கள். பேனர்களில் துக்கப்படுகிறவர்களின் பெயரைப் போடுவார்களே, அந்த வரிசை.

ரெங்கம்மாள்.

சுபஸ்ரீ.

கலீல்.

அவ்வளவுதான். மூன்றே பெயர்.

அவன் மறுபடி படித்தான். அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். அதில் இரண்டு பேர் துக்கப்படுகிறவர்கள். கூட அவன். அப்படியானால்... துக்கம் யாருக்காக?

உள்ளறையில் அன்பு ஏதோ சொல்லி அம்மாவைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

கலீல் பிளக்கைப் பிடுங்கினான். ஸ்விட்சைக்கூட அணைக்கவில்லை. அப்படியே பிடுங்கினான். கார்டைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுப் பைக்குள் திணித்தான். அது கையைச் சுட்டது. துண்டு துண்டாக ஒரு அஞ்சலி பேனர் வந்துகொண்டிருக்கிறது, நடுச் சதுரம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, அதில் முகம் வருவதற்குள் இதை இந்த வீட்டைவிட்டுக் கொண்டுபோய்விட வேண்டும். அது மட்டும்தான் அவன் மனதில் இருந்தது.

அன்பு திரும்பி வந்தான்.

"கார்டு போச்சு," என்றான் கலீல். "வாரண்டியில அனுப்பி வேற வாங்கித் தரேன். மதர்போர்டுலயே சாதாரண டிஸ்ப்ளே இருக்கு. அதுல ஓட்டிக்க."

"மெதுவா ஓடுமே."

"ஓடட்டும்."

"உனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது?"

சொல்லியிருக்கலாம். போனில் படங்கள் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? உன் பேரைத் தவிர எல்லார் பேரும் இருக்கு என்றா? கலீல் சொல்லவில்லை. ஹார்டு டிஸ்கை மறுபடி மாட்டிக் கொடுத்தான். திரை வந்தது. காட்டூர்ப் பெரியவர் வந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"நாளைக்குப் பாத்துக்கலாம், படுடா," என்றான்.

"அஞ்சலியை நாளைக்குன்னு சொல்ல முடியுமா மாப்ள? இன்னும் ஒரு கைதான். அழிச்சு அனுப்பிட்டுப் படுத்துடுவேன்."

வாசலில் சுபஸ்ரீ கேட்டைத் திறந்துவிட்டாள். கலீல் அவளிடம் மட்டும், "சீக்கிரம் படுக்கச் சொல்லும்மா," என்றான்.

மணி ஒன்றரை.

அதற்குப் பிறகுதான் அந்த வளைவு. அந்தச் சத்தம்.

பையைக் கழற்றி பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தான். ஜிப்பைத் திறந்தான். பெட்டி துடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தான். இருட்டில் கார்டின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயர் இல்லை. கரண்ட் இல்லை. சூடான காற்று அவன் முகத்தில் அடித்தது. நனைந்த சாமந்தி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபேன் நின்றது. மெதுவாக இல்லை. விரல் வைத்து நிறுத்தியது போல, சட்டென்று.

அவன் போனில் மணி ஒன்று நாற்பத்தி ஐந்து.

தெரிந்த குர்ஆன் சூராவையெல்லாம் ஓதிக்கொண்டே வண்டியை ஓட்டினான். காவிரிப் பாலத்தில் ஏறினான். நடுவில் நிறுத்தி, பெட்டியோடு ஆற்றில் எறிந்தான். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, பஸீலா சொன்னாள், அவள் அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். நிம்மதியில். நண்பனைக் காப்பாற்றிவிட்டோம் என்று.

காலை ஏழு மணிக்கு சுபஸ்ரீ போன் செய்தாள். பின்னால் ரெங்கம்மாள் கதறுகிற சத்தம்தான் கேட்டது.

அன்பு நாற்காலியிலேயே இருந்தான். முதுகு நிமிர்ந்து. கை மவுஸின் மேல். கண் திறந்து. தூங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் சுபஸ்ரீ காபியோடு போயிருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். முப்பத்தொரு வயது.

கலீல் போனபோது கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. திரை நின்றுபோயிருந்தது. காட்டூர்ப் பெரியவரின் தோளில் கை இல்லை. சுத்தமாக அழித்திருந்தான். மூலையில் கடிகாரம்.

ஒன்று நாற்பத்தி ஐந்து.

பத்து மணிக்கு, வழக்கம்போல, மினி ஆட்டோ வந்தது. டிரைவர் வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அன்பு அண்ணன் அனுப்பின பேனர்ங்க..." என்று சுருள்களை இறக்கினார். இரண்டு சுருள். ஒன்று காட்டூருக்கு. இன்னொன்றை யாரோ உறவினர் பிரித்தார்.

கண்ணீர் அஞ்சலி. ஓரத்தில் சாமந்திச் சரம். குத்துவிளக்கு. மறைவு என்று அன்றைய தேதி. வருத்தத்துடன் ரெங்கம்மாள், சுபஸ்ரீ, கலீல். வலது கீழ் மூலையில், டிசைன்: அன்பு கிராபிக்ஸ், மேலூர்.

நடுவில் அன்பு.

அற்புதசாமியை போனில் பிடித்தார்கள். "ஒண்ணே முக்காலுக்கு அவரு மெயில்ல ரெண்டு ஃபைல் வந்துச்சுங்க. நாங்க பாக்க மாட்டோம், அப்படியே மெஷின்ல போட்டுடுவோம்," என்றார். சிலர் வேறு மாதிரி முணுமுணுத்தார்கள். தானே தனக்கு அடித்துக்கொண்டான், என்ன கஷ்டமோ என்று. கலீல் அதையெல்லாம் கேட்கவில்லை. அவன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெரூன் நிறக் கட்டம் போட்ட சட்டை. நாக்கு ஒரு ஓரமாகக் கடிபட்டிருந்தது. முகத்தில் நீல வெளிச்சம்... கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம். எதிரில் உட்கார்ந்து எடுத்தது போல நேர் பார்வை. திரை இருந்த இடத்திலிருந்து எடுத்தது போல.

அந்த மானிட்டரில் கேமரா கிடையாது. மாட்டியவன் கலீல்தான். அவனுக்குத் தெரியாதா?

அன்புவின் இடது தோளில் ஒரு கை இருந்தது.

மணிக்கட்டோடு நின்றுபோன கை. ஆள்காட்டி விரலில் சிவப்பு டேப், இரண்டு சுற்று.

"இது யாரு கை?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். "ஏதோ கல்யாண போட்டோ போல," என்று இன்னொருவர் சொன்னார்.

கலீல் தன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். தகனம் முடியும்வரை வெளியே எடுக்கவில்லை.

பேனரை முக்கில் கட்டிவிட்டார்கள். வேறு அடிக்க நேரமில்லை. பார்க்கப் பிடிக்காவிட்டாலும் அது அவன் செய்த கடைசி வேலை என்று ரெங்கம்மாள் சொல்லிவிட்டாள்.

கலீல் வீட்டுக்குப் போனான். சாப்பிடவில்லை. படுத்தான். உயிரோட இருக்கிறவன் கை போனவர் தோள்ல இருக்கக் கூடாது... அன்புவின் குரல் காதிலேயே இருந்தது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் வலது கையை யாரோ மெல்லப் பிடித்து இழுப்பது போல இருந்தது. தோளிலிருந்து இல்லை. விரல் நுனியிலிருந்து. முதலில் லேசாக. பிறகு, கட்டிலின் விளிம்புக்கு அவன் நகர்ந்துவிடுகிற அளவுக்கு.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தான். பேப்பர் கட்டரை எடுத்துக்கொண்டான். பஸீலா கதவருகே நின்று, "எங்கண்ணே போற?" என்று கேட்டாள். "கையை வெட்டி எடுத்துட்டு வந்துடுறேன்," என்றான். அவள் அலறிவிட்டாள். "பேனர்ல இருக்கிற கையைச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மேலூர் முக்கில் ஒரு நாய்கூட இல்லை. பேனர் காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. கலீல் கட்டரின் பிளேடை நீட்டிக்கொண்டு கிட்டப் போனான். கம்பத்து விளக்கு சரியாக அன்புவின் முகத்தில் விழுந்தது.

அன்புவின் தோளில் கை இல்லை.

கலீல் இன்னும் நெருங்கினான். துணியைத் தொட்டான். தடவினான். கிழிசல் இல்லை, சுரண்டிய தடம் இல்லை, மேலே ஒட்டிய எதுவும் இல்லை. அச்சடித்த ஃப்ளெக்ஸ் அது. அச்சடித்தபின் அதில் எதையும் மாற்ற முடியாது. ஆனால் அங்கே கட்டம் போட்ட சட்டை மட்டும்தான் இருந்தது. தோளில் மடிப்பு இருந்தது. தையல் இருந்தது. மெரூன் கோடு ஒவ்வொன்றும் அடுத்த கோட்டோடு சரியாகச் சேர்ந்திருந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்பு அழித்தால் அப்படித்தான் இருக்கும்.

கலீல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை இழுப்பது நின்றிருந்தது. பிறகு, யாருக்காவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தானே நாளைக்கு நம்ப மாட்டோம் என்று தோன்றியது. படம் எடுக்க போனை எடுத்தான். வலது கட்டைவிரலை வைத்தான்.

திறக்கவில்லை.

வேர்வையாக இருக்கும். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். திறக்கவில்லை. மறுபடி... மறுபடி.

விளக்குக்கு நேர் அடியில் போய் நின்றான். ஆள்காட்டி விரலின் சிவப்பு டேப்பைப் பிரித்தான். உள்ளே வெட்டுக்காயம் இல்லை. தழும்பு இல்லை. உள்ளங்கையைத் திருப்பினான். அதில் ஒரு கோடுகூட இல்லை. ஐந்து விரல் நுனியிலும் ஒன்றும் இல்லை. மழமழவென்று, தோலின் நிறத்தில், மணிக்கட்டு வரைக்கும்... அழித்த இடமே தெரியாமல்.

கலீல் இப்போதும் பாலக்கரையில்தான் கடை வைத்திருக்கிறான். கை நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறான், வண்டி ஓட்டுகிறான். ரேஷன் கடைக்கு மட்டும் அவனை வீட்டில் அனுப்புவதில்லை. அங்கே கைரேகை மெஷின் இருக்கிறது அல்லவா... ஒரு தடவை போய் வலது கையை வைத்தானாம். பக்கத்தில் பஸீலாவும் நின்றிருக்கிறாள்.

தவறான ரேகை என்று அது சொல்லவில்லை. விரலை வைக்கவும், விரலை வைக்கவும் என்றே கேட்டுக்கொண்டிருந்ததாம். அவன் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே.